இறக்கத்தில் இடது கிளட்ச்

மாமனார் வீட்டுக்குப் போய் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமலே பஸ் ஏறி ஊர் திரும்பத் தெரிந்த மாப்பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. எனக்குக் கல்யாணமான வருஷம், தலை ஆடி முடிவதற்குள்ளேயே, சோழவந்தான் பக்கம் ஒரு ஊர் முழுக்க என்னைத் தெரிந்துகொண்டது. இந்த வயதிலும் அங்கே யாராவது என்னைப் பார்த்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்றுதான் பார்க்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நான் மதுரையில் பவர் டில்லர் விற்கும் கடை ஒன்றில் உதிரிபாகப் பிரிவில் குமாஸ்தா. கோச்சடையில் வாடகை வீடு, ஒரு சைக்கிள், கொஞ்சம் இங்கிலீஷ். இந்த இங்கிலீஷ்தான் வினை. இயந்திரத்தோடு வருகிற இங்கிலீஷ் கையேட்டை விவசாயிகளுக்காகத் தமிழில் போட வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. கடையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. (விரித்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் பார்ப்பேன். அது முதலாளிக்குத் தெரியாது.)

பவர் டில்லரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஏர் மாடுகளுக்குப் பதிலாக வந்த டீசல் வண்டி. இரண்டே சக்கரம். பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகள். ஸ்டியரிங் கிடையாது. மாட்டுக்கொம்பு மாதிரி நீண்ட இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தபடி நாம் பின்னாலேயே நடக்க வேண்டும். ஒவ்வொரு கைப்பிடிக்குக் கீழும் ஒரு கிளட்ச். இடது கிளட்சை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு எஞ்சினின் வேகம் போகாது. வலது சக்கரம் மட்டும் ஓடும். வண்டி இடது பக்கம் திரும்பும். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

‘சரிவான நிலத்தில் இயக்கும் முறை’ என்ற பகுதிக்கு வந்தபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. சரிவுக்குக் குறுக்காக உழு, மேலும் கீழுமாக உழாதே என்று எழுதியிருந்தது, சரி. சரிவில் கியர் மாற்றாதே, கீழ்ப்பக்கம் ஆளை நிறுத்தாதே, தொளதொள உடுப்பு வேண்டாம், எல்லாம் சரி. அதற்கடுத்து, இறக்கத்தில் இறங்கும்போது இடது பக்கம் திரும்ப வலது கிளட்சைப் பிடிக்கவும் என்று ஒரு வரி. நான் அதை நாலு தடவை படித்தேன். கோடி ரூபாய் போட்டு இயந்திரம் செய்கிற கம்பெனிக்காரன் ஒரு புத்தகத்தைப் பிழை இல்லாமல் அச்சடிக்க மாட்டானா என்று நொந்துகொண்டேன். ஆபரேட்டர் சுந்தரம் பக்கத்து அறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அச்சுப்பிழையை யாராவது ஆளிடம் போய்க் கேட்பார்களா? நானே திருத்தினேன். ‘இறக்கத்திலும் இடது பக்கம் திரும்ப இடது கிளட்சையே பிடிக்கவும்.’ அந்த ஏகாரம் என் சொந்தச் சரக்கு. அழுத்தமாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. முதலாளி அட்டையைத் தடவிப் பார்த்து ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார். அதற்கு அடுத்த மாதம் வசந்தாவுக்கும் எனக்கும் கல்யாணம்.

வசந்தாவின் அப்பா பெருமாள்சாமிக்கு சோழவந்தானுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சரிந்து இறங்குகிற ஒரு புஞ்சை. அதிகம் பேசாத மனிதர். அவர் பேசாததையும் சேர்த்துப் பேசுவதற்கு என்றே வசந்தாவின் அண்ணன் தங்கராசு இருந்தார். மறுவீடு போயிருந்தபோது, உழவு மாட்டில் ஒன்று கிழடாகிவிட்டது, புது ஜோடி வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அங்கே நான் வாயைத் திறந்தேன். ரசம் ஊற்றும்போது ஆரம்பித்த பவர் டில்லர், மோர் சாப்பிட்டு முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகமே நான்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன். (அது மொழிபெயர்ப்பு என்பதைச் சொல்ல இலையில் இடம் இல்லை.)

மாமா கை கழுவிவிட்டு வந்து ஒரே வாக்கியம் பேசினார். "ஆடிக்கு வாரப்ப கொண்டாந்து ஓட்டிக் காட்டுங்க."

முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தப் பக்கத்தில் ஒரு வண்டி விற்றால் பத்து வண்டி விற்கும், நீ குமாஸ்தாவாக இருக்க வேண்டிய ஆளே இல்லை என்றார். நாள் குறித்தாயிற்று. அன்றைக்குக் காலையில் பார்த்தால் சுந்தரத்துக்கு மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நிற்கிறார். தள்ளி வைத்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். அங்கே மாமியார் ஊரையே கூப்பிட்டு வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். நானே ஓட்டிவிடுகிறேன் என்றேன். அதுவரை நான் அந்த வண்டியை ஓட்டியது கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கு முற்றத்தில். சிமெண்டுத் தரை. கேரம் போர்டு மாதிரி சமதளம்.

கடையின் வேன் வண்டியை மேட்டில் இறக்கிவிட்டது. ஊர் திரண்டிருந்தது. முதல் தகராறு என் பேண்ட்டைப் பற்றி. தலை ஆடிக்கு எடுத்த புது வேட்டியை உடுத்திக்கொண்டுதான் மாப்பிள்ளை வண்டியைத் தொட வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. தொளதொள உடுப்பு கூடாது என்று நான் விதிமுறையை ஒப்பித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. வசந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வேட்டியைத் தோளிலாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். அதுவும் தொளதொள என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

அப்புறம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினேன். நிழல் சரிவின் கீழ்ப்பக்கம்தான் இருந்தது. எல்லோரும் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்று அத்தனை பேரையும் எழுப்பி வெயிலுக்கு விரட்டினேன். கட்டுக்கு அடங்காமல் முனகினார்கள். தங்கராசு மட்டும் என் பக்கத்திலேயே நின்றார். டீசல் இருக்கா மாப்ள, தண்ணி ஊத்திட்டீங்களா மாப்ள, ஸ்டார்ட் பண்ற கம்பியச் சுத்துறப்ப பின்னால அடிக்கும் மாப்ள என்று மூச்சு விடாமல் பாதுகாப்பு. எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கம்பியைச் சுற்றிய சுற்றில் எஞ்சின் முதல் தடவையே கிளம்பிவிட்டது. கூட்டம் மரியாதையாக ஒரு அடி பின்வாங்கியது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரம் நான் ராஜா. சரிவுக்குக் குறுக்காக ஒரு சால், திரும்பி இன்னொரு சால். திரும்புமிடத்தில் கத்திகளை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மேட்டுப் பக்கமாகத் திரும்பினேன். புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே. ரெண்டு மழை பெய்த ஈரத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. மாமா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். மண்ணை உடனே கீழே போடவில்லை. எனக்கு அது போதும். வசந்தாகூட வேட்டியை மறந்துவிட்டு, பக்கத்தில் நின்ற சித்தியிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது தங்கராசு கேட்டார். "எல்லாம் சரி மாப்ள. குறுக்கயே போறீகளே, கீழ்த்துண்டுக்கு இது எப்படி இறங்கும்?"

நியாயமான கேள்வி. கீழ்த்துண்டுக்குப் புஞ்சையின் ஓரமாக ஒரு பாதை நேராக இறங்கியது. பாதைக்கு வலது பக்கம் ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், பேச்சியம்மாளின் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றில் கொடிகள் ஏறி, நடுவில் தண்ணீர் நிற்கும் வாய்க்கால்களோடு குளுகுளு என்று இருக்கும். பேச்சியம்மாள் அதைத் தனி ஆளாக வைத்து நடத்துகிறவர். உள்ளே யாரும் செருப்புப் போட்டு நடக்க விடமாட்டார். கொடிக்காலில் அப்படித்தான் வழக்கம் என்றாலும், அவரிடம் அது சட்டம்.

கத்திகளை நிறுத்தினேன். சரிவு தொடங்கும் முன்பே, புத்தகம் சொன்னபடி, முதல் கியரில் போட்டேன். இறங்கினேன். வண்டி ஆமை வேகத்தில் தடதடவென்று இறங்கியது. பாதி தூரம் போனதும் ஒரு கல் இடறி லேசாக வலது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் திருப்ப வேண்டும். இடது கிளட்சைப் பிடித்தேன்.

வண்டி இன்னும் வலது பக்கம் போனது.

போதுமான அளவு அழுத்தவில்லை என்று நினைத்து நன்றாக அழுத்தினேன். இன்னும் நன்றாக வலது பக்கம் போனது. சமதளத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் அதே எஞ்சின்தான் சக்கரத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. இடது கிளட்சை அழுத்தினால் இடது சக்கரத்தின் பிடி விட்டுப்போய், அது முந்திக்கொண்டு ஓடும். வண்டி வலது பக்கம் திரும்பும். இவ்வளவுதான் விஷயம். கம்பெனிக்காரன் அதைத்தான் ஒரே வரியில் ஒழுங்காக எழுதியிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது, வரப்பு பக்கத்தில் வருகிறது என்பது மட்டும்தான்.

இதில் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. வசந்தா பாதையின் மேல்முனைக்கு ஓடிவந்து நின்று, சத்தமாக, மிகத் தெளிவாகச் சொன்னாள்: "என்னங்க, அது மாத்திப் போகுது. மத்ததப் பிடிச்சுப் பாருங்க."

வாழ்க்கையில் பவர் டில்லரையே அன்றைக்குத்தான் பார்க்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்து, "புத்தகத்துல அப்படி இல்ல" என்றேன்.

பேச்சியம்மாள் கொடிக்காலுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். வண்டி வரப்பைத் தொட்டுவிட்டது. ஆபத்து என்றால், எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து மொத்தமாகப் பிரித்துவிடும் மெயின் கிளட்சை விடுவித்துவிட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. விடுவித்தேன். அதுவும் சமதளத்துக்கான யோசனை. அதுவரை எஞ்சின் பிடித்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச பிடியும் போய்விட்டது. ஆமையாக வந்த வண்டி அவிழ்த்துவிட்ட ஜல்லிக்கட்டுக் காளையாக ஓடியது. கைப்பிடிகள் என் கையை உதறின. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அது வரப்பைத் தாண்டி, ஒரு முள்வேலியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கொடிக்காலுக்குள் இறங்கி, ஒரு வரிசை அகத்தியைப் படுக்கப்போட்டு, வாய்க்காலுக்குள் மூக்கைச் செருகி நின்றது. பேச்சியம்மாள் நின்றது மூன்றாவது வரிசை. நல்லவேளை, அது அவரிடம் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு சற்று நின்றுவிடும்.

எஞ்சின் அணையவில்லை. சேற்றுக்குள் நின்றுகொண்டு அது பாட்டுக்கு தடதடத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்த வேண்டும். எழுந்து ஓடினேன். வேலி இருந்த இடத்தில் பேச்சியம்மாள் கையை நீட்டி மறித்தார்.

"செருப்பக் கழட்டுங்க."

"அம்மா, எஞ்சின் ஓடுது."

"ஓடட்டும். அதுக்குக் கால் இல்ல, ஒண்ணும் சொல்ல முடியாது. உங்களுக்குக் கால் இருக்குல்ல?"

கழற்றினேன். பக்கிள் வைத்த செருப்பு, தலை ஆடிக்கு என்று புதிதாக வாங்கியது, லேசில் கழலவில்லை. ஒற்றைக் காலில் நொண்டியபடி நான் பக்கிளோடு போராட, மேலே ஊரே வரிசையாக வரப்பில் வந்து நின்று அதை வேடிக்கை பார்த்தது. ஒரு வழியாக உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினேன். 

மாமாவின் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி இழுத்துவிடலாம் என்று தங்கராசு சொன்னார். செருப்புக்கே இடமில்லை, என் கொடிக்காலுக்குள் மாடா என்று பேச்சியம்மாள் கேட்டார். ஆகவே ஆட்கள்தான் தூக்க வேண்டும். டீக்கடையிலிருந்தும் வயல்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேரும் வேலிக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வண்டிக்குக் கீழே மூங்கில்களைக் கொடுத்து, தோளில் ஏற்றி, முள்மாலையோடு அது மெல்ல மெல்ல வரப்பேறி வந்தபோது அழகர் சப்பரம் மாதிரியே இருந்தது. கூட்டத்தில் யாரோ அடங்கிய குரலில் கோவிந்தா என்றார். தங்கராசு முன்னால் நின்று இடது, இடது என்று வழி சொன்னார். தூக்கியவர்களில் ஒருவர் நின்று, "மாப்பிள்ளை இடதா, நம்ம இடதாண்ணே?" என்று கேட்டார். சிரிப்பில் வண்டியைக் கீழே போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

மேட்டில் வண்டியை இறக்கி வைத்தார்கள். முகப்பு விளக்கு உடைந்து, சேற்றில் குளித்து, ஒரு வெற்றிலைக் கொடி கைப்பிடியில் சுற்றிக் கிடந்தது. மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது பேசினால் தேவலை என்று நான் காத்திருந்தேன். கைப்பிடியில் கிடந்த கொடியைப் பிரித்து எடுத்துவிட்டுப் பேசினார்.

"கீழ போகும்னு தெரிஞ்சுபோச்சு. தானா மேல வருமா?"

அன்றைய விருந்து கறிக்குழம்பு. எல்லோரும் இலையிலேயே கண்ணாக இருந்தார்கள். மாமியார் மட்டும், வேட்டி கட்டியிருந்தா இப்படி ஆயிருக்காது என்று அடுப்பங்கரையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. வசந்தா என் இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்ததால் கேட்கவில்லை. சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய கூடை வந்தது. சாய்ந்த கொடிகளில் பறித்த வெற்றிலை, இனி வைத்தால் வாடிவிடும், நீங்களே போட்டுத் தீருங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எல்லோருக்கும் வாய் சிவந்திருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை. என்ன விசேஷம் என்று அவர்கள் கேட்க, கதை மறுபடி முதலிலிருந்து.

நஷ்டத்துக்கு என்ன வேண்டும் என்று மாமா கேட்டதற்கு பேச்சியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உங்க மாப்பிள்ளை வந்து கொடியைக் கட்டிக்கொடுக்கட்டும். என் விடுமுறையின் மிச்சம் அங்கே போனது. வெறுங்காலோடு சேற்றில் நின்று, புதிதாக ஊன்றிய கம்புகளில் வாழைநாரால் கொடிகளைக் கட்டினேன். அவர் பின்னாலேயே வந்து நான் போட்ட முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டினார். இறுக்கமாகப் போட்டால், அது உங்களுக்கு என்ன பண்ணுச்சு, கழுத்த நெரிக்கிறீங்க என்பார். தளர்த்திப் போட்டால், இதுக்குப் பேரு கட்டா என்பார். ஒருநாள் வசந்தா வந்து ஓரமாக நின்று பார்த்தாள். பேச்சியம்மாள் அவளிடம், ஏத்தா, வீட்டுலயும் இப்படித்தானா என்று கேட்டார். வசந்தா பதில் சொல்லாமல் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதுரைக்குத் திரும்பியபோது வேன் டிரைவர் எனக்கு முன்பே கடையில் கதையை நடித்துக் காட்டியிருந்தார். சுந்தரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிஜமாகவே கேட்டார்: "இறக்கத்துல மாத்திப் பிடிக்கணும்னு அந்தப் புத்தகத்துல போட்டிருப்பாங்களே அண்ணே, நீங்க பாக்கலையா?" முதலாளி புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தார். வேலையை விட்டு நீக்குவார் என்று நினைத்தேன். அதைவிட மோசமாகச் செய்தார். ஏற்கெனவே வண்டி வாங்கியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போய், அந்த வரியை என் கையால் திருத்திவிட்டு வர வேண்டும் என்றார்.

வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். வெயிலில் நடந்து, நாய்க்குப் பயந்து, வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, எங்கள் புத்தகம் எங்கே என்று கேட்டால், எந்தப் புத்தகம் என்றார்கள். ஒரு வீட்டில் அதில் முறுக்கு மடித்துப் பாட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ஆடுகிற கட்டிலின் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பித் திருத்த வேண்டியிருந்தது. போன இடத்தில் எல்லாம் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் ராத்திரி பகலாக எழுதிய அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூட ஒருவரும் படித்திருக்கவில்லை. அதனால்தான் தப்பித்திருக்கிறார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டுகளில் நான் தனியாக உட்கார்ந்து எரிச்சல்பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா மறுவருஷம் பவர் டில்லர் வாங்கினார். திண்டுக்கல்லில், வேறொரு கடையில். எங்களுக்குக் கடுதாசிகூடப் போடவில்லை. போனபோது பார்த்தோம். மாட்டுத் தொழுவத்தில் நின்றது. தங்கராசுதான் ஓட்டினார். சரிவில் அழகாக இறங்கினார், பிடிக்க வேண்டியதை மாற்றிப் பிடித்தபடி. எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் தொழுவத்துப் பக்கம் போனால் மாமியார் காபி கொடுத்துக் கூப்பிட்டுவிடுவார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. நான் எதையாவது அடித்துச் சொன்னால், வசந்தா பிள்ளைகளிடம் திரும்பி, "அப்பா இறக்கத்துல இருக்காரு" என்பாள். நான் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யவும் என்று அர்த்தம். மகளுக்கு எந்த காலேஜ் என்பதில் தொடங்கி கே.கே. நகர் வீட்டுக்கு எந்தப் பெயிண்ட் என்பது வரை இப்படித்தான் முடிவாகியிருக்கிறது. மருமகள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே அதன் பொருளைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனோம். மகன் ஓட்டினான், நான் முன்சீட்டில். ஊருக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. மண்டபத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். நான் பத்திரிகையைக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் என்றேன். பின்சீட்டிலிருந்து வசந்தா இறக்கத்தை ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. மகன் இண்டிகேட்டரைப் போட்டு நிதானமாக வலது பக்கம் திருப்பினான்.

கொஞ்ச தூரத்தில் வாழைமரம் கட்டிய வாசல் தெரிந்தது. மண்டபம் அங்கேதான் இருந்தது.